மூட்டை முடிச்சுடன் பட்டணப் பிரவேசம்

பட்டணப் பிரவேசம் என்பது பழைய நாளில் ஒரு வைபவம். ராஜாவோ மடாதிபதியோ பல்லக்கில் எழுந்தருளுவார். முன்னே நாகஸ்வரம், பக்கத்தில் தீவட்டி, இருபுறமும் ஜனத்திரள். அவர் கையில் ஒரு துரும்பும் இராது. அந்தக் காட்சியை வர்ணித்த புலவர்கள் பல்லக்கைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், மாடத்தில் நின்ற மங்கையரையும் விடாமல் பார்த்தார்கள். பல்லக்கின் பின்னால் பெட்டி சுமந்து வந்தவன் எந்தச் சந்து வழியாக ஊருக்குள் நுழைந்தான், அவனுக்கு வழியில் யாராவது ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்களா என்பதை மட்டும் பார்க்கவில்லை.

இந்தக் காலத்துப் பட்டணப் பிரவேசத்தில் பல்லக்கில் வருகிறவரும் நாமே. பெட்டி சுமக்கிறவரும் நாமே. ஆகாய விமானம் தரையைத் தொடும் வரையில் நாம் மடாதிபதிகள். நாற்காலிக்கே காப்பி வரும், கைகூப்பி வணக்கம் சொல்லுவார்கள். ஆனால், சுழன்று வரும் பட்டையிலிருந்து பெட்டியை இழுத்துக் கீழே வைத்தோமோ இல்லையோ, அந்தக் கணமே பல்லக்கிலிருந்து இறக்கப்பட்டுச் சுமை தூக்கும் ஜாதியில் சேர்ந்துவிடுகிறோம். ஒரு நகரம் விருந்தினரை எப்படி வரவேற்கிறது என்று அறிய வேண்டுமானால் விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவரையும் சலவைக்கல் தரையையும் பார்த்துப் பயனில்லை. இரண்டு கையிலும் இரண்டு பெட்டியுடன் அதன் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் பழைய அநுபவம் உண்டு. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே இடம் பிடித்தபோது துறைமுகம் என்று ஒன்று கிடையாது. திறந்த கடற்கரைதான். சீமையிலிருந்து மாதக் கணக்கில் மிதந்து வந்த கப்பல் கரையை நெருங்காமல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அங்கிருந்து மனிதர்களையும் சாமான்களையும் மசூலாப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். அந்தப் படகில் ஆணி அடிப்பதில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுப்பதற்காக அந்த ஏற்பாடு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சௌக்கியமாக வந்த துரைமார்கள் கடைசி ஒரு மைலில் தொப்பியும் துணியும் நனைந்து, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு கரை ஏறினார்கள். துறைமுகச் சுவர் ஒருவாறு எழும்பியது 1881-ல். அதே வருஷத்துப் புயல் அதையும் உடைத்தது. நெடுந்தூரம் சுலபம், கடைசி மைல் கஷ்டம் என்பது இந்தப் பட்டணத்தின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது போலும்!

ஆனால் ஆகாய மார்க்கத்தில் வருகிறவர்கள் விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் வாய்த்தது. அதை நாம் உணரவே இல்லை என்பதுதான் என் புகார்.

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து புறப்பட்ட தபால் விமானத்தை ஜே. ஆர். டி. டாடா பம்பாய் வரையில் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்பவர் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். அதில் வந்தவை கடிதப் பைகள். அதற்கு முந்திய வருஷமே, 1931-ல், கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மீனம்பாக்கத்து விமான நிலையம் அமைந்த இடத்துக்கு ஒரு பக்கத்தில் அந்த ரயில் பாதை; அதை ஒட்டியே தென்னாட்டுக்குப் போகும் பெருஞ்சாலை. அக்காலத்தில் அது ஊருக்கு வெளியே வெகு தூரம். இப்போது ஊர் அதைத் தாண்டிக்கொண்டு வண்டலூர் வரையில் போய்விட்டது. விமான நிலையம் பட்டணத்துக்குள் வரவில்லை. பட்டணம் விமான நிலையத்தைத் தேடிப் போய்விட்டது! பெங்களூர்க்காரர்களும் ஹைதராபாத்காரர்களும் 2008-ல் புது விமான நிலையங்களை ஊருக்கு வெகு தொலைவில் கட்டிக்கொண்டு, அப்புறம் அங்கே போக வழி தேடினார்கள். நமக்கு வழி முதலிலேயே இருந்தது.

இப்போதும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து சாலையின் அடியில் ஒரு சுரங்க நடைபாதை செல்கிறது. அதன் வழியே போனால் எதிரே திரிசூலம் ஸ்டேஷன். ஊருக்குள் போக ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோதான். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், எழும்பூர் என்று பட்டணத்தின் நடு முதுகெலும்பு வழியாகவே அந்த ரயில் போகிறது. ஆயினும் விமானத்திலிருந்து இறங்கி அதில் ஏறும் மத்தியதரக் குடும்பங்கள் எத்தனை? படிக்கட்டுத்தான் காரணம் என்று சொல்லுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, "பிளேனில் வந்துவிட்டு மின்சார ரயிலிலா போவது?" என்னும் கௌரவம். ஆயிரக்கணக்கில் விமானச் சீட்டுக்குக் கொடுத்தவர் பத்து ரூபாய் டிக்கெட்டுடன் வீடு சேர்ந்தால் அந்த ஆயிரங்களின் பளபளப்பு மங்கிவிடும் என்று நமக்குள் ஒரு பயம்.

டாக்ஸி இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. முன்பணம் கட்டி எடுப்பதும் உண்டு; கைப்பேசியில் கூப்பிடுவதும் உண்டு. கைப்பேசியில் கூப்பிடும் வண்டிக்குப் பலமாடி வாகனக் கூடம் வரையில் நாம் பெட்டியுடன் யாத்திரை போக வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவைக் கடந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. 2008-ல் அங்கே நாலு இதழ்த் தாமரை போல் மேம்பாலம் கட்டினார்கள். வண்டுகள்தான் அளவுக்கு மேல் வந்து மொய்த்துக்கொண்டன.

இனி மூன்றாவது வழியைச் சொல்லுகிறேன். 2016 செப்டம்பரில் மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கு வந்தது. 2019-ல் அந்தத் தடம் வண்ணாரப்பேட்டை வரையில் முழுமை பெற்றது. 2021-ல் வடக்கே விம்கோ நகர் வரையில் நீண்டது. அந்த 2021-லேயே அதிகபட்சக் கட்டணத்தை எழுபது ரூபாயிலிருந்து ஐம்பதாகக் குறைத்தார்கள். தெற்குக் கோடியில் விமானத்திலிருந்து இறங்கியவர் வண்டி மாறாமல் வடக்குக் கோடியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் தேரடியில் போய் இறங்கலாம். இந்த ரயிலுக்கு ஜப்பானியர் கடன் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்கப்போவது நாம். ஆகவே அதை நம் சொந்த ரயில் என்று கொண்டாடவும் நமக்கு உரிமை உண்டு. குறை சொல்லவும் உரிமை உண்டு.

என் தமக்கையார் வசிப்பது அந்தத் தேரடிக்கு அருகில். சென்ற தை மாதம் அவரைக் காசிக்கு அழைத்துச் சென்று திரும்பினேன். எங்கள் பாட்டி காலத்தில் காசிக்குப் போகிறவர்கள் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் மூன்று மணிக்குள் திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் நின்றோம். எங்களுடன் இரண்டு பெட்டிகள், ஒரு பை, துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்த ஏழு கங்கைச் செம்புகள். தமக்கையாருக்கு முழங்கால் வலி உண்டு. நான் டாக்ஸிக்காரரிடம் பேசிவிட்டு வந்து தொகையைச் சொன்னேன்.

"ஏன் தம்பி, எங்க தேரடியிலேயே ஸ்டேஷன் இருக்கு. இந்தப் பணத்துக்கு இன்னொரு தடவை பாதி காசிக்குப் போயிடலாமே!" என்றார்.

"பெட்டி இருக்கே, அக்கா?"

"பெட்டிக்குத்தான் சக்கரம் இருக்கே. எனக்குத்தான் இல்லை. நீ மெதுவா நட."

நடந்தோம். தள்ளுவண்டிக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கப்பால் பெட்டியும் நாமும்தான். மேலே ஏற லிப்ட் இருக்கிறது, நடைபாலம் இருக்கிறது. எல்லாம் சுத்தமாகவும் இருக்கின்றன. ஆனால் விமானத்திலிருந்து இறங்கினவர் நேரே நடந்தால் ரயில் என்று அமையவில்லை. ஏறி, திரும்பி, மறுபடியும் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் பெட்டியை மீண்டும் சோதனை இயந்திரத்துக்குள் விட்டார்கள். காசியில் ஒரு தரம், இங்கே ஒரு தரம். ஏழு செம்புகளும் திரையில் தெரிந்திருக்கும். காவலுக்கு நின்ற பெண்மணி, "கங்கையாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த ஸ்டேஷனிலிருந்துதான் வண்டி புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் கிடைக்கிறது. பெட்டி வைக்கத்தான் இடமில்லை. விமான நிலையத்துக்கென்று போட்ட ரயிலில், தலைக்கு மேல் ஒரு பலகையோ மூலையில் ஒரு தட்டோ இல்லாததை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. கையில் மதிய உணவுப் பையுடன் ஆபீஸுக்குப் போகிறவரை மட்டுமே மனத்தில் வைத்து வண்டியைச் செய்திருக்கிறார்கள். பெட்டிகளை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வளைவு வந்தபோது ஒரு பெட்டி தானாகவே எதிர்ப்பக்கம் நகர்ந்து செல்ல ஆரம்பித்தது. எதிரே நின்ற ஒரு கல்லூரிப் பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே காலால் அதைத் தடுத்து நிறுத்தினாள். அவளுக்கு அது வழக்கம் போலிருக்கிறது.

ஆலந்தூரை நெருங்கும்போது மேற்கே பரங்கிமலை தெரிகிறது. அந்த மலையடிவாரத்தில்தான் 1802-ஆம் வருஷம் லாம்டன் என்னும் தளகர்த்தர் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் தூரத்தை அளந்தார். இந்தியாவையே அளந்து முடித்த பெரிய கணக்கு அங்கே தொடங்கியது. அவருக்காக லண்டனிலிருந்து ஒரு கோணமானி வந்தது. எடை சுமார் அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு அதைப் பிடித்து மோரீஸ் தீவுக்குக் கொண்டு போய்விட்டு, அது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். துறைமுகம் இல்லாத அந்தக் கரையில் அரை டன் சாமானை இறக்கினவர்கள் நம் பட்டணத்துப் படகுக்காரர்கள். லாம்டன் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. படகுக்காரர்கள் பெயர் இல்லை. என் பெட்டி இருபது கிலோதான் என்று அப்போது சற்று ஆறுதல் அடைந்தேன்.

கத்திப்பாராவை வெகு உயரத்தில் கடக்கிறோம். கீழே கார்கள் அசையாமல் நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் உண்டாகத்தான் செய்கிறது. அது நல்ல குணமல்ல. சின்னமலையைத் தாண்டியதும் வண்டி பூமிக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்கும் பெயர்கள்தான். மௌண்ட் ரோடு முழுவதையும் அதன் அடியிலேயே கடந்தோம்.

"ஊருக்கு வந்தாப்பலேயே இல்லையே, தம்பி" என்றார் தமக்கையார். "முன்னெல்லாம் ரயில்லே வந்தா எழும்பூர் வர்றதுக்கு முந்தியே ஊர் வாசனை வந்துடும்."

அது மெய்தான். நுழைவது என்றால் ஒரு வாசல் தெரிய வேண்டும். பாதாள மார்க்கத்தில் வாசல் இல்லை. ஆனால் தண்டையார்பேட்டைக்கு அப்பால் வண்டி மறுபடியும் வெளிச்சத்துக்கு ஏறியபோது வடசென்னையின் மொட்டை மாடிகளும் காயப்போட்ட துணிகளும் கோபுரங்களும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டன. தமக்கையார் நிமிர்ந்து உட்கார்ந்து தலையைச் சரிசெய்துகொண்டார். அவருடைய ஊர் அதுதான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

லிப்டில் தெருவுக்கு இறங்கினோம். அங்கிருந்து வீடு முந்நூறு கஜம். அந்த முந்நூறு கஜத்தில்தான் மசூலாப் படகு ஞாபகம் வந்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969-ல். பெட்டிக்குச் சக்கரம் வைத்து அமெரிக்காவில் ஒருவர் பதிவுரிமை பெற்றது 1972-ல். சக்கரம் மகத்தான சாதனம், சந்தேகமில்லை. ஆனால் தலைச்சுமைக்கு மேடு பள்ளம் ஒன்றுதான், சக்கரத்துக்கு அப்படியல்ல. அதற்குச் சமதளம் வேண்டும். நம் நடைபாதை பத்து அடிக்கு ஒரு தரம் உயர்கிறது, தாழ்கிறது, மின்சாரப் பெட்டிக்கு வழிவிட்டு மறைகிறது. போர்ட்டரை ஒழித்துவிட்டோம், அவன் தலையிலிருந்த பாரத்தை இறக்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். நியாயமான பெருமை. ஆனால் இறக்கிய பாரத்தை உருட்டிப்போக ஒரு தரையைப் போட்டுக் கொடுக்கவில்லை. முடிவில் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். முந்நூறு கஜத்துக்கு அவர் கேட்டது எங்கள் இருவருடைய மெட்ரோ டிக்கெட்டுக்குச் சமம். தமக்கையார் பேரம் பேசவில்லை. கங்கைச் செம்பு ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அவரும் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பகலில் வந்த எங்கள் கதை இது. இரவில் வருகிறவர்கள் கதை வேறு.

மெட்ரோ சுமார் பதினொரு மணிக்கு ஓய்ந்து, விடியற்காலை ஐந்து மணி சுமாருக்குத்தான் மறுபடி புறப்படுகிறது. வெளிநாட்டு விமானங்களில் பல வருவதோ நள்ளிரவை ஒட்டியும் அதற்குப் பிறகும். மலிவான வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபிறகு விருந்தாளி வருகிறார் என்று அர்த்தம். மைத்துனர் ஒருவரை எதிர்கொண்டு அழைக்க ஓர் இரவு நான் போயிருந்தேன். அரபு நாட்டு விமானம் ஒன்று வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளில் கறுப்பு மையால் பெரிதாகப் பெயரும் ஊரும் எழுதியிருந்தன. திட்டக்குடி, முத்துப்பேட்டை, பரமக்குடி. அந்தப் பெட்டிகளின் மேலே இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து, "சார்!" என்றான். பத்து வருஷத்துக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். கட்டட வேலை. மூன்று வருஷத்துக்குப் பிறகு வருகிறானாம். தங்கைக்குக் கல்யாணம்.

கிளாம்பாக்கத்துக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். தென் மாவட்டத்துப் பஸ்களெல்லாம் கோயம்பேட்டைவிட்டு, 2023 டிசம்பரில் திறந்த அந்தப் புது நிலையத்துக்குப் போய்விட்டன. டாக்ஸியில் போகலாமே என்றேன்.

"அந்தப் பணத்துக்கு ஊருக்குப் போய்ப் பொண்ணுக்கு ஒரு புடவை எடுப்பேன், சார். நாலு மணிக்கு மேலே எதிர்த்தாப்பலே மின்சார ரயில் வந்துடும். வண்டலூர்லே இறங்கிக்குவேன்."

அப்போது மணி ஒன்றரை. என் மைத்துனரின் காரில் இடம் இருந்தது. அவனையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்க் கிளாம்பாக்கத்தில் விட்டோம். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்நிய நாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்துப் பணத்தை நம் நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்களை நம் தலைநகரம் பெட்டியின் மேல் உட்கார வைத்து விடிய விடியக் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டுவது பற்றி வருஷக் கணக்காகப் பேசி வருகிறார்கள். அது வரும்போது வரட்டும். அதற்கு முன் இரவு முழுவதும் மணிக்கு ஒரு பஸ், பெட்டி வைக்கும் இடத்துடன், விமான நிலைய வாசலிலிருந்தே வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக விட்டால் என்ன? தண்டவாளம் வேண்டாம், ஜப்பான் கடனும் வேண்டாம்.

மற்ற ஊர்களில் என்னென்னவோ செய்கிறார்கள். ஜப்பானில் விமான நிலையத்திலேயே பெட்டியை ஒரு கம்பெனியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு ரயில் ஏறலாம். பெட்டி பின்னால் வீடு தேடி வரும். டில்லியில் 2011-ல் திறந்த விமான நிலைய ரயிலில், ஊருக்கு நடுவில் உள்ள ஸ்டேஷனிலேயே விமானத்துக்குரிய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகும் வசதி செய்தார்கள். இவையெல்லாம் நல்லவைதாம். ஆனால் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. வண்டியில் பெட்டிக்கு ஒரு மூலை, திரிசூலத்துக்கு ஒரு சரிவுப் பாதை, ஸ்டேஷன் வாசலிலிருந்து முந்நூறு கஜத்துக்கு மேடு பள்ளம் இல்லாத நடைபாதை, நள்ளிரவில் ஒரு பஸ். இவ்வளவும் சேர்த்தால் விமான நிலையத்துச் சலவைக்கல்லின் விலைகூட ஆகாது.

இதற்குள் மீனம்பாக்கம் போதவில்லை என்று, 2022-ல் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையத்துக்கு இடம் குறித்துவிட்டார்கள். பட்டணத்திலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். ஏகனாபுரம் முதலிய கிராமங்களின் ஜனங்கள் வயலையும் ஏரியையும் விட மாட்டோம் என்று அப்போதிருந்து போராடி வருகிறார்கள். அவர்களுடைய வழக்கு என் பெட்டியைவிடப் பெரிது. போகிற போக்கில் தீர்ப்புச் சொல்லுவது மரியாதையல்ல. ஒன்று மட்டும் கேட்கலாம். அங்கே விமானம் இறங்கத்தான் போகிறது என்றால், இறங்கினவர் எழுபது கிலோமீட்டர் வருவது எப்படி? பூந்தமல்லியிலிருந்து அங்கே மெட்ரோ போடும் யோசனை இருக்கிறது. அது ஓடுபாதைக்கு முன்னே வருமா, பின்னே வருமா? சென்னையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் தபால் விமானம் வந்தது.